ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 1960) தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்கப் பெண் மருத்துவர் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் நிறுவியவர். மகப்பேற்றின்போது மருத்துவ உதவியின்றிப் பெண்கள் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்னும் நோக்கமே இவரை மருத்துவத் துறைக்குக் கொண்டு வந்தது. பெண்களுக்குப் பெண் மருத்துவர்களே சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை, கிராமங்களை நாடிச் செல்லும் சாலையோர மருந்தகம், செவிலியர் பள்ளி, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆகியவற்றை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார்.

குடும்பப் பின்னணி

ஐடா ஸ்கடர் வேலூருக்கு அருகிலுள்ள இராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய குடும்பம் மூன்று தலைமுறைகளாகத் தெற்காசியாவில் மருத்துவப் பணியும் சமயப் பணியும் ஆற்றிய குடும்பமாகும். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தம் மருத்துவத் தொழிலை விட்டு இலங்கைக்குக் கப்பலேறியவர். யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் பணியாற்றிய பின்னர் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மருத்துவ மறைப்பணியாளராக இவர் கருதப்படுகிறார். இவருடைய புதல்வர்கள் 1853-இல் ஆர்க்காட்டுப் பகுதியில் அமெரிக்க ஆர்க்காடு மிசனை நிறுவினர்.

அப்புதல்வர்களுள் ஒருவரும் மருத்துவருமான இரண்டாம் ஜான் ஸ்கடரே ஐடாவின் தந்தை. தாயார் சோபியா. ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பின் பிறந்த ஒரே பெண் பிள்ளை ஐடா. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது இவர் சிறுமி. பசியால் நலிந்த பிள்ளைகளையும் வழியோரம் கிடந்த உடல்களையும் அந்த வயதிலேயே கண்டார். பஞ்சத்திற்குப் பிறகு குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் பெற்றோர் மீண்டும் இந்தியா வந்தபோது ஐடா அங்கேயே உறவினர் பொறுப்பில் விடப்பட்டார். மாசச்சூசெட்சு மாநிலத்தில் நார்த்பீல்டு என்னுமிடத்திலிருந்த பெண்கள் பள்ளியில் கல்வி கற்றார். குடும்பத்தினரைப் போலத் தாமும் இந்தியாவில் பணிபுரிய வேண்டும் என்னும் விருப்பம் அப்போது அவருக்கு இல்லை. பஞ்சமும் வெயிலும் பிரிவுமே அவர் நினைவில் இருந்த இந்தியா.

திண்டிவனத்தில் ஓர் இரவு

தாயார் நோயுற்றதால் ஐடா 1890-இல் இந்தியா வந்தார். அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் வசித்தனர். அந்நாளில் திண்டிவனமும் திருவண்ணாமலையும் தென் ஆர்க்காடு மாவட்டத்தின் வட்டங்களாக இருந்தன. செஞ்சி வழியாகச் செல்லும் சாலை இவ்விரு ஊர்களையும் இணைக்கிறது. தாயார் குணமடைந்ததும் அமெரிக்கா திரும்புவதே ஐடாவின் எண்ணமாக இருந்தது.

இவருடைய வாழ்க்கையை மாற்றிய நிகழ்ச்சி அங்கு ஓர் இரவில் நடந்தது. முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்து, பிள்ளைப்பேற்று வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற ஐடா வரவேண்டும் என்று வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், மருத்துவரான தந்தையை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று எண்ணிய அவர் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் ஒரு முசுலிம் ஆடவரும், அவருக்குப் பின் வேறொரு இந்துக் குடும்பத்து ஆடவரும் அதே வேண்டுகோளுடன் வந்தனர். தந்தை வருவதை அவர்களும் ஏற்கவில்லை. மறுநாள் காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் எனத் தெரிந்தது.

மூன்று வீடுகளுக்கும் எட்டும் தொலைவிலேயே தேர்ந்த மருத்துவர் ஒருவர் இருந்தார். ஆயினும் அவரால் ஒருவரையும் காப்பாற்ற இயலவில்லை. தேவைப்பட்டது மருத்துவர் மட்டுமல்லர், பெண் மருத்துவர் என்பதை இந்நிகழ்ச்சி ஐடாவுக்கு உணர்த்தியது. மருத்துவம் கற்றுத் திரும்புவதெனப் பெற்றோரிடம் தம் முடிவைத் தெரிவித்தார்.

அக்கால மகப்பேற்று நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்துக் கிராமங்களில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் வீட்டிலேயே நடந்தன. மருத்துவச்சி எனப்பட்ட பெண்கள் தலைமுறை வழியாகப் பெற்ற அனுபவத்தைக் கொண்டு பேறு பார்த்தனர். இயல்பான பேறுகளுக்கு அவர்களுடைய அனுபவம் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. ஆனால் குழந்தை குறுக்கே கிடத்தல், இடுப்பெலும்பு குறுகியிருத்தல், பேற்றுக்குப் பின் இரத்தம் நில்லாது பெருகுதல், வலிப்பு, கிருமித் தொற்றால் வரும் பேற்றுக் காய்ச்சல் ஆகியவை நேர்ந்தால் தாயைக் காப்பாற்றும் வழி அவர்களிடம் இல்லை. உடல் வளர்ச்சி முடியும் முன்னரே பெண்களுக்குத் திருமணம் செய்து வைக்கும் வழக்கம் இந்த ஆபத்தை மேலும் பெருக்கியது. பெண்ணின் திருமண வயதை 14 என வரையறுத்த சாரதா சட்டம் 1929-இல்தான் நிறைவேறியது.

தலைநகரான சென்னையில் இதற்கான முயற்சிகள் முன்பே தொடங்கியிருந்தன. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்குப் பயின்ற மேரி சார்லிப், ஆடவர் முன் வர விரும்பாத பெண்களுக்கென 1885-இல் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆயிற்று. ஆயினும் இவ்வசதிகள் திண்டிவனம், திருவண்ணாமலை, போளூர் போன்ற ஊர்களைச் சுற்றியிருந்த கிராமத்துப் பெண்களுக்கு எட்டாத தொலைவில் இருந்தன.

மருத்துவக் கல்வி

ஐடா 1895-இல் பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898-இல் பெண்களுக்கு இடமளித்தபோது அங்கு மாறினார். 1899-இல் பட்டம் பெற்றார்.

இந்தியா திரும்பும் முன் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றைக் கட்ட நிதி திரட்டினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். தோழி ஆனி ஹான்காக்குடன் புறப்பட்ட ஐடா 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார்.

வேலூரில் தொடக்கம்

தந்தையிடம் சில ஆண்டுகள் தொழில் பயிலலாம் என ஐடா எண்ணியிருந்தார். ஆனால் தந்தை அதே ஆண்டில் காலமானார். அனுபவமில்லாத இளம் மருத்துவராகத் தனியே தொழிலைத் தொடங்க வேண்டியதாயிற்று. வேலூரில் தங்கியிருந்த வீட்டிலேயே ஒரு கட்டிலைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்கினார். மக்களின் நம்பிக்கை உடனே கிடைக்கவில்லை. பலர் எல்லா வழிகளும் அடைபட்ட பின்னரே அவரை அழைத்தனர். காலம் கடந்து அழைக்கப்பட்டதால் காப்பாற்ற முடியாமற் போன உயிர்களும் உண்டு. நாளடைவில் குணமடைந்து வீடு திரும்பிய பெண்களே மற்றவர்களை அழைத்து வந்தனர். முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகள் அவரிடம் வந்தனர்.

நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இம்மருத்துவமனையில் நீண்ட காலம் ஐடா ஒருவரே மருத்துவராகவும் அறுவை மருத்துவராகவும் இருந்தார். அக்கட்டடம் பின்னாளில் கண் மருத்துவமனையாக மாற்றப்பட்டது.

சாலையோர மருந்தகம்

மருத்துவமனை திறந்த பின்னும் வரமுடியாதவர்கள் மிகப் பலர் இருந்தனர். மாட்டு வண்டியில் ஒரு நாள் பயணம் என்றால் கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு ஒரு நாள் கூலி இழப்பு. நிறைமாதப் பெண்ணுக்கோ அப்பயணமே ஆபத்து. இதனால் 1906-ஆம் ஆண்டு முதல் ஐடா தாமே கிராமங்களை நாடிச் செல்லத் தொடங்கினார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், வாரத்தின் குறித்த நாளில், குறித்த மரத்தடியில் நோயாளிகள் காத்திருப்பர். வண்டி ஒவ்வோர் இடத்திலும் நிற்கும். புண்களுக்குக் கட்டுப் போடுதல், மருந்து கொடுத்தல், கருவுற்ற பெண்களைப் பார்த்தல், மருத்துவமனைக்கு வரவேண்டியவர்களைத் தெரிந்தெடுத்தல் ஆகியன அங்கேயே நடந்தன.

1909-இல் பியூஜோ மோட்டார் வண்டி ஒன்று நன்கொடையாகக் கிடைத்தது. ஒற்றை உருளைப் பொறி கொண்ட அச்சிறு வண்டி வந்த பின் ஒரே நாளில் அதிக ஊர்களுக்குச் செல்ல முடிந்தது. மகப்பேற்றைப் பொறுத்தவரை இம்முறையின் பயன் மருந்தில் மட்டும் இல்லை. கருவுற்ற காலத்திலேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டால், பேறு கடினமாகும் எனத் தோன்றுபவரை முன்கூட்டியே நகருக்கு அனுப்பலாம். பேற்றுக்கு முந்தைய பராமரிப்பு என இன்று அழைக்கப்படும் முறையின் அடிப்படை இதுவே.

செவிலியர் பள்ளியும் மருத்துவப் பள்ளியும்

ஒரு மருத்துவர் எவ்வளவு உழைத்தாலும் ஒரு மாவட்டத்தின் பெண்கள் அனைவரையும் பார்க்க முடியாது என்பதை ஐடா விரைவில் உணர்ந்தார். திண்டிவனத்தில் நடந்தது வேறு ஊர்களில் அன்றாடம் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து பெண் மருத்துவர்களை வரவழைப்பதும் தீர்வாகாது. அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவிப்பதே வழி என்னும் முடிவுக்கு வந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

அடுத்து, பெண்களுக்கு மருத்துவப் பட்டயம் வழங்கும் பள்ளி ஒன்றுக்கு மாகாண அரசின் இசைவைக் கோரினார். இந்தியப் பெண்கள் இத்தகைய படிப்புக்கு வரமாட்டார்கள், வந்தாலும் ஓரிருவரே வருவர் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். ஆனால் முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. 1918 ஆகஸ்டு 12 அன்று சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். வாடகைக் கட்டடத்தில், மிகக் குறைந்த நூல்களையும் கருவிகளையும் கொண்டு வகுப்புகள் நடந்தன. முதலாண்டுத் தேர்வெழுதிய மாணவியர் அனைவரும் தேர்ச்சி பெற்றனர். முதல் அணியில் 14 பெண்கள் 1922-இல் பட்டயம் பெற்றனர்.

மாணவியர் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் மட்டுமன்றிச் சாலையோர மருந்தகத்திலும் பயின்றனர். நகர மருத்துவமனையில் கிடைக்கும் வசதிகள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதை மரத்தடியில் கற்றனர். பட்டயம் பெற்றவர்களுள் பலர் சிற்றூர்களிலிருந்த மறைப்பணி மருத்துவமனைகளில் பொறுப்பேற்றனர்.

கல்லூரியாக உயர்வு

நகரின் தோட்டப்பாளையம் பகுதியில் புதிய மருத்துவமனை 1920களில் செயற்படத் தொடங்கியது. பாகாயத்தில் மருத்துவப் பள்ளிக்கென 200 ஏக்கர் நிலத்தில் 1928-இல் பணிகள் தொடங்கின. அதே காலத்தில் மகாத்மா காந்தி இப்பள்ளிக்கு வருகை தந்தார்.

1930களின் இறுதியில் பள்ளி பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. பட்டயப் படிப்பை நிறுத்திப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பையே நடத்த வேண்டும் என மாகாண அரசு முடிவு செய்தது. அதற்கு வேண்டிய ஆசிரியர்களும் ஆய்வகங்களும் படுக்கைகளும் வேலூரில் இல்லை. பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது.

ஆண்களையும் சேர்த்தால் நிதியுதவி பெருகும் என்னும் கருத்து அப்போது எழுந்தது. பெண்களுக்கெனத் தொடங்கிய நிறுவனம் தன் நோக்கத்தை இழந்துவிடும் என நீண்டநாள் ஆதரவாளர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். ஐடாவுக்கு இது கடினமான முடிவாக இருந்தது. இறுதியில் கல்லூரி நிலைபெறுவதே முதன்மை எனக் கருதி அதற்கு இசைந்தார். 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர்.

1946-இல் ஐடா பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் கல்லூரித் தலைமையை ஏற்றவர்களுள் விசாகப்பட்டினத்தில் பிறந்த மகப்பேறு மருத்துவர் ஹில்டா லாசரசு குறிப்பிடத்தக்கவர். அயல்நாட்டவர் தொடங்கிய நிறுவனத்தின் தலைமை இந்தியப் பெண் ஒருவரிடம் வந்தது.

திருவண்ணாமலைப் பகுதியும் வேலூரும்

தென் ஆர்க்காட்டில் இருந்த திருவண்ணாமலை பின்னர் வட ஆர்க்காடு மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. 1989-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் உயர்நிலைச் சிகிச்சை தேவைப்பட்ட இப்பகுதி மக்கள் போளூர் வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கடந்து வேலூருக்கோ, அதைவிடத் தொலைவிலுள்ள வேறு நகரங்களுக்கோ செல்ல வேண்டியிருந்தது.

கார்த்திகைத் தீபத்திற்குப் பல இலட்சம் பேர் கூடும் இக்கோயில் நகருக்கு நாற்புறமும் நல்ல சாலைகள் உண்டு. ஆனால் இம்மாவட்டத்தின் வடமேற்கிலுள்ள சவ்வாது மலையில் சாலை வசதி மிகத் தாமதமாகவே வந்தது. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் இம்மலைக் கிராமங்களில், பேற்று வலி கண்ட பெண்களைத் தூளி கட்டிச் சுமந்து வரவேண்டிய நிலை நெடுங்காலம் இருந்தது. வேலூர்க் கல்லூரியின் சமூக நலப் பிரிவு இம்மலை மக்களிடையேயும் பணியாற்றி வந்துள்ளது. இக்கல்லூரி 1977-இல் கே. வி. குப்பம் வட்டாரத்தில் தொடங்கிய ஊரக நலத் திட்டமும் ஐடாவின் சாலையோர மருந்தகத்தின் வழிவந்ததே. கிராமத்துப் பெண்களையே நலப் பணியாளர்களாகப் பயிற்றுவிப்பது இத்தகைய திட்டங்களின் சிறப்பாகும்.

பிற்கால மாற்றங்கள்

1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, அன்றைய இந்தியாவில் 1,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார் இறப்பதாக மதிப்பிட்டது. 2018–20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இந்தியாவில் 1,00,000 பிறப்புகளுக்கு 97 தாய்மாரும், தமிழ்நாட்டில் 54 தாய்மாரும் இறந்தனர். தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது.

இம்மாற்றம் தனியொருவராலோ ஒரு நிறுவனத்தாலோ வந்ததன்று. மணவயது உயர்வு, பெண்கல்வி, இரத்த வங்கிகள், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள், இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் பணியிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம், 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை ஆகிய அனைத்தும் இதில் பங்கு கொண்டுள்ளன. கிராமத்திலேயே கருவுற்ற பெண்ணைப் பார்ப்பதும், ஆபத்தை முன்னரே அறிவதும், பயிற்சி பெற்ற பெண்ணொருவர் அருகில் இருப்பதும் இவற்றுட் பலவற்றுக்கு அடிப்படையாக உள்ளன.

மதிப்பீடு

ஐடா ஸ்கடரின் வரலாறு பெரும்பாலும் திண்டிவனத்து இரவுடன் தொடங்கி, பெரிய மருத்துவமனையுடன் முடிவதாகச் சொல்லப்படுகிறது. அவ்வாறு சொல்லும்போது இரண்டு செய்திகள் மறைந்துவிடுகின்றன. முதலாவது, அவ்விரவில் வந்த மூவரும் தம் மனைவியர் பிழைக்க வேண்டும் என்றே இருட்டில் உதவி தேடி வந்தவர்கள். மூன்று சமூகங்களிலும் நிலவிய வழக்கம் அவர்களைக் கட்டியிருந்தது. ஐடா அவ்வழக்கத்தைக் கண்டித்துக் காலம் கழிக்கவில்லை. அவ்வழக்கத்திற்கு உட்பட்டே அப்பெண்களைச் சென்றடையும் வழியைத் தேடினார். இரண்டாவது, அவருடைய பணியில் பெரும்பகுதி அவரிடம் பயின்ற தமிழ், தெலுங்கு, மலையாளப் பெண்களால் நிகழ்ந்தது. ஊர் பேர் அறியப்படாத அச்செவிலியரும் மருத்துவர்களுமே சிற்றூர்களில் இரவு நேரக் கதவுதட்டல்களுக்கு விடையளித்தனர்.

மறைவும் நினைவும்

ஓய்வுக்குப் பின் ஐடா கொடைக்கானலில் வாழ்ந்தார். 1960 மே மாதத்தில் தம் 89-ஆம் வயதில் அங்கேயே காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1920-இல் பிரித்தானிய இந்திய அரசு அவருக்குக் கெய்சர்-இ-இந்த் தங்கப் பதக்கம் வழங்கியிருந்தது. வேலூர்ப் பணியின் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல்துறை 2000 ஆகஸ்டு 12 அன்று நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. வேலூரில் அவர் பெயரில் ஐடா ஸ்கடர் சாலை உள்ளது. ஒரு கட்டிலில் தொடங்கிய மருத்துவமனை அச்சாலையில் இன்றும் செயற்பட்டு வருகிறது.